தார்ப்பாயில் முதல் துளி

வெண்ணந்தூர் ஜவ்வரிசி ஆலையின் களம் வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. ஆனாலும் பாதி காய்ந்த ஜவ்வரிசியைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டாயிற்று. “மேகத்தையே காணோமுங்க மேடம். மழை வரலீன்னா உள்ளாற புழுங்கிப் புளிச்சுப் போயிருமுங்க,” என்கிறார் ஆலை முதலாளி தனபால். “வருமுங்க,” என்கிறாள் அறிவுமதி. ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு அரசு நாற்காலிக்குப் போய், இந்தச் சமவெளிக்கென ஒரு ரேடார் வாங்கக் கோப்புகளோடு மல்லுக்கட்டிய காலநிலை விஞ்ஞானி அவள். அந்த ரேடார் சொன்ன முதல் மழை இது. போதமலைப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசுகிறது. தார்ப்பாயில் ஒரு துளி சொட்டுகிறது; மறுகணம் களமே பறையாய் அதிர்கிறது. பாயின் ஓரத்தில் கைவிட்டுப் பார்த்த களத்து வேலையாள் பொன்னாயி, “துளிகூட நனையலீங்கோ!” என்று கூவுகிறாள். தனபால் குடையோடு ஓடிவருகிறார். “வேண்டாமுங்க. இத்தன வருசமா மழையக் காயிதத்துலயேதான் பாத்தேன்,” என்று அறிவுமதி களத்தின் நடுவே போய் நிற்கிறாள்.