மருந்துக்கு வந்த செண்பகம்

விளாத்திகுளத்தை ஒட்டிய அகதி முகாமில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நடுப்பகல் வேகிறது. கோரைப்பாயில் கிடக்கும் தவராசா நிறுத்தாமல் இருமுகிறார். அவரோடு விறகை எரித்துக் கரிமூட்டம் போடும் உள்ளூர்க்காரன் சுடலைமாடன் வாசலில் வந்து நிற்கிறான். அவன் கையில், கால்கள் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்குகிறது ஒரு செம்போத்து. அதன் செங்கல் நிறச் சிறகில் கரிசல் மண் அப்பியிருக்கிறது. சிவந்த கண் இமைக்காமல் பார்க்கிறது. “இருமலுக்கு இத மிஞ்சி மருந்து கெடையாது தங்கச்சி. நல்லமொளகு தட்டிப் போட்டுக் கறி வச்சுக் குடு. மூணே நாள்ல அவிய எந்திரிச்சிருவாவ.” விடியுமுன் போய்க் கண்ணி வைத்த பெருமை அவன் முகத்தில் இருக்கிறது. தவராசாவின் மனைவி யோகேஸ்வரி கை நீட்டவில்லை. அவள் சுவரைப் பார்க்கிறாள். வன்னியிலிருந்து படகில் மடித்துக் கொண்டுவந்த, தனிநாடு கேட்ட இயக்கம் அச்சிட்ட பழைய காலண்டர் அங்கே தொங்குகிறது. அதில் இதே பறவை. கீழே ‘தேசியப் பறவை செண்பகம்’ என்று எழுதியிருக்கிறது. போர் முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. “அவிட்டு விடச் சொல்லு,” என்கிறார் தவராசா, கண்ணைத் திறக்காமல். வாயைத் துடைத்த துணியில் ரத்தம். வெளியே கருவேலங்காட்டில் இன்னொரு செம்போத்து விட்டுவிட்டுக் கூப்பிடுகிறது. “நாடும் போச்சு, பிள்ளையும் போச்சு. நீங்களாவது இருங்கோ,” என்கிறாள் அவள். காலண்டரைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டுகிறாள். பிறகு சுடலைமாடனிடம் மெல்லச் சொல்கிறாள்: “கழுத்தை நீங்களே திருகித் தாங்கோ அண்ணை. எனக்கு ஏலாது.”