மஞ்சள் குடை

போயே பார்க்காத ஒரு நாட்டின் தேர்தலை முகில்வண்ணன் கோயம்புத்தூரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரே பொதுக்கூட்டத்தை எதிரெதிரான இரண்டு சேனல்களுக்கும் அவன்தான் எடிட் செய்தான். மொழி தெரியாததால் சத்தத்தை அணைத்துவிடுவான். ஆளுங்கட்சி சேனலுக்கு மேடைக்கு முன்னால் நெருக்கியடிக்கும் தலைகள். மற்றதற்குப் பின்வரிசையின் காலி நாற்காலிகள். அதுவரை ஒரு தவறும் வந்ததில்லை. அன்று மட்டும் மஞ்சள் குடை பிடித்த ஒரு பெண் இரண்டிலும் வந்துவிட்டாள். ஒன்றில் ஆயிரம் பேருக்கு நடுவில், மற்றதில் தன்னந்தனியாக.

“ரெண்டுலயும் அதே பொண்ணு வருதுங்க,” என்றாள் பக்கத்து மேசை ஸ்டெல்லா.

“இருக்கட்டுங்க. ரெண்டு சேனலையும் பாக்குற ஆளு அந்த நாட்டுலயே கெடையாதுங்க.”

மறுநாள் காலையில் இரண்டு சேனல்களும் மெயில் அனுப்பியிருந்தன. அந்தப் பெண்ணே இரண்டையும் பார்த்துவிட்டாளாம், ‘நான் எங்கேதான் நின்றேன்?’ என்று கேட்கிறாளாம். உடனே அவளை எடுத்துவிடவும். அந்தத் தேர்தலில் இரண்டு சேனல்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அவனுக்கு அது பத்து நிமிட வேலை. அவள் நின்ற இடத்தில், ஒன்றில் இன்னொரு தலையை வைத்தான். மற்றதில் ஒரு காலி நாற்காலியை வைத்தான்.