ஒரே ஒரு குறை

"ஏங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு குறை கூடவா இல்ல?"

"இல்லம்மா. பிரமாதம்!" என்று சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார் சார்.

அந்த அம்மாவின் முகம் தொங்கிப்போனது. பக்கத்தில் நின்ற கோட்டைக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கோட்டை அவனுடைய சொந்தப் பெயர் இல்லை. பதினாலு வருஷமாக வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றிப் போய்ப் பழைய கோட்டையைச் சுற்றிக் காட்டியதில் ஊர் வைத்த பெயர். ஏறி நின்ற அஞ்சாவது நிமிஷமே எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டு, "இங்க சாப்பாடு எங்கப்பா நல்லா இருக்கும்?" என்பார்கள். அதில் முளைத்ததுதான் இந்தப் புது டிரிப். கோட்டையும் வேண்டாம், கொத்தளமும் வேண்டாம். ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு தோட்டம், ஒரு சந்தை. வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டியது.

லாட்ஜ் மேனேஜர் லேசில் மசியவில்லை. "முதல் டிரிப்ல வர்றவங்க ஒரு குறையும் சொல்லலன்னா, நாளையில இருந்து எல்லாரையும் உன் வேன்லயே ஏத்தி விடறேன். ஒரு குறை வந்துச்சு, பழையபடி கோட்டையையே கட்டிக்கிட்டு அழு!"

இன்றைக்குத்தான் அந்த முதல் டிரிப். விடிந்ததிலிருந்து கோட்டைக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்தது ஒரு ஜோடிதான். சார் பரம சாது. அந்த அம்மாதான் வேனில் ஏறும்போதே குண்டைத் தூக்கிப் போட்டார்.

"தம்பி, இன்னைக்கு இவர் வாயால ஒரே ஒரு குறை வந்துட்டாப் போதும் எனக்கு!"

இப்படியும் ஒரு பிறவியா என்று கோட்டை மனசுக்குள் திட்டிக்கொண்டான்.

அந்த அம்மா தன் சூப்பை ஒரு வாயோடு தள்ளி வைத்திருந்தார். அப்படி என்னதான் ஆகிவிட்டது என்று பாத்திரத்தில் மிச்சமிருந்ததை ஊற்றிக் குடித்துப் பார்த்த கோட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே உப்பு! சமையலறைக்கு ஓடினான்.

"அண்ணே, கடலையே கொண்டுவந்து கொட்டிட்டீங்களா?"

"எல்லாம் உன்னாலதான்டா! 'பார்த்துப் பண்ணுங்க, பார்த்துப் பண்ணுங்க'ன்னு நாலு தடவை வந்து உயிர வாங்கினியே. பதட்டத்துல ரெண்டு தடவை போட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார் சமையல்காரர். "அந்த சார் என்ன சொன்னாரு?"

"பிரமாதம்னாரு."

"அடேயப்பா! மனுஷனா, தெய்வமா?"

அடுத்து தோட்டம். வரப்பெல்லாம் பச்சைப்பசேல் என்று இருந்தது. கோட்டை துள்ளிக்கொண்டு முன்னால் நடந்தான். தக்காளி, கேரட், பறித்த சூட்டோடு வெள்ளரிப் பிஞ்சு. சார் எல்லாவற்றையும் கடித்தார், எல்லாவற்றுக்கும் "பிரமாதம்" என்றார். அந்த அம்மாவின் கண் மட்டும் ஓரத்தில் இருந்த ஒரு செடி மேல் போனது.

"இது என்னங்க?"

"மருந்துக்கு வெச்சிருக்கோம்மா. விஷமில்ல, ஆனா கசப்புன்னா கசப்பு, அப்படியொரு கசப்பு. வாயில வைக்க முடியாது" என்றார் தோட்டக்காரர்.

கோட்டை தடுப்பதற்குள் அந்த அம்மா இரண்டு இலையைக் கிள்ளிச் சாரின் வாயிலேயே திணித்துவிட்டார். கட்டின புருஷனுக்குச் செய்கிற காரியமா இது! சார் ஆடு மாதிரி நிதானமாக மென்றார். பெண்டாட்டி முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கும்மா."

அந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குறை கிடைக்கவில்லை என்று ஒரு அழுகையா! கோட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் குஷிதான். இன்னும் ஒரே ஒரு இடம். சந்தையைத் தாண்டிவிட்டால் ஜெயித்த மாதிரி.

சந்தையில் தள்ளுமுள்ளு. கோட்டை நேராகத் தன் வாடிக்கைப் பழக்கார அக்காவிடம் கூட்டிப்போனான்.

"அக்கா, இருக்கறதுலயே நல்ல ஆரஞ்சா எடு. என் வாழ்க்கையே உன் கையில இருக்கு!"

"என் பழம் தேன்டா! புளிச்சா மொத்தக் கூடையும் உனக்குத்தான்" என்று உரித்துக் கொடுத்தாள் அக்கா.

சார் ஒரு சுளையை வாயில் போட்டார். மென்றார். முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? லேசாப் புளிக்குதே!"

கோட்டைக்குத் தலையில் இடி விழுந்தது. வெடுக்கென்று ஒரு சுளையைப் பிய்த்துத் தின்றான். தேனேதான், அடிநாக்கில் மட்டும் கடுகளவு புளிப்பு. அவ்வளவு உப்பைக் குடித்த மனுஷன், அவ்வளவு கசப்பை மென்ற மனுஷன், இந்தக் கடுகளவுக்கா வாயைத் திறக்க வேண்டும்?

"போச்சு! எல்லாம் போச்சு! 'கோட்டை கோட்டை விட்டுட்டான்'னு இனி ஊரே சிரிக்கும்" என்று புலம்பியவன், அந்த அம்மா பக்கம் திரும்பினான். "ஒரு குறை வந்தாலும் என்னை ஒழிச்சுக்கட்டிடுவேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரும்மா. கேட்டது கிடைச்சிருச்சுல்ல? இப்ப சந்தோஷமா?"

அந்த அம்மா காதில் எதுவும் விழுந்த மாதிரியே இல்லை. சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சந்தை என்றும் பாராமல் குதித்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க! என்ன பண்ணுது?"

"புளிக்குதும்மா..." சாரின் குரல் உடைந்தது. "நிஜமாவே புளிக்குது!"

"மேனேஜர்கிட்ட நானே வந்து சொல்றேன் தம்பி" என்று அழுகையும் சிரிப்புமாகக் கோட்டையின் தோளைப் பிடித்து உலுக்கினார் அந்த அம்மா. "ஒரு காய்ச்சல்ல நாக்குல ருசியே செத்துப்போய் ஒரு வருஷமாச்சு, என் மனசு நோகக் கூடாதுன்னு எதைக் கொடுத்தாலும் 'பிரமாதம், பிரமாதம்'னே சொல்லிக்கிட்டு இருந்தவருப்பா!"