கணவாய்க்கு ஒரு லாரி

“கிளட்ச் இல்லாத லாரியை வாங்கிட்டு நான் எப்படிடா ஊருக்குள்ள தலை காட்டுவேன்?”

ஷர்ஷென் பெரியவர் வெள்ளைக் கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மகனை முறைத்தார். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்குக்கு வெளியே இருந்த வண்டிச் சந்தையில் ஒரே நிறத்தில் இரண்டு டிப்பர் லாரிகள் பக்கம் பக்கமாக நின்றன. ஒன்றில் கிளட்சை மிதித்துக் கையால் கியர் மாற்ற வேண்டும். மற்றது ஆட்டோமேட்டிக், தானே மாற்றிக்கொள்ளும்.

“அப்பா, நிலக்கரிச் சுமையோட கணவாய் ஏறணும். பனியில கியர் மாத்துற அந்த ஒரு நொடியிலதான் வண்டி இழுவை விட்டுப் பின்னால வழுக்குது. இதுல அந்தத் தொல்லையே இல்ல,” என்றான் மிர்லான்.

“ஏறறதைச் சொல்றே. சுரங்கத்து மேட்டுல இது மக்கர் பண்ணினா எவன் பிரிச்சுப் பாப்பான்? கிளட்ச் வண்டின்னா நானே படுத்துக்கிட்டுச் சரி பண்ணிடுவேன்.”

“ஐயா, ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்,” என்று இடையில் புகுந்தான் வண்டி விற்கும் மராத். “எதை வித்தாலும் எனக்கு ஒரே கமிஷன். அதனால இன்னைக்குப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்ல.”

பெரியவர் சிரிக்கவில்லை. அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக அந்தக் கணவாயில் வண்டி ஓட்டுகிறது. மற்ற ஓட்டுநர்கள் வழிவிட்டுக் கையசைப்பது அந்தப் பெயருக்காகத்தான். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது.

மருமகள் பெகிமாய் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி, குனிந்த தலையோடு நீட்டினாள். அரைக் கிண்ணம்தான்; நிரப்பிக் கொடுத்தால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருளாகிவிடும். மாமனார் முன்னால் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

“ஷர்ஷென்! புது வண்டியா?” என்று உரக்கக் கூவிக்கொண்டே வந்தார் பழைய ஓட்டுநர் காதிர். “வாங்கு, வாங்கு. இந்தப் பனிக்காலத்துல உன் மகன் கணவாய்ல ஓட்டினான் பாரு! பின்னாலயே போனேன், கியர் மாறுற சத்தமே கேக்கல. நீகூட அப்படி ஓட்டினதில்ல. கோவிச்சுக்காதே!”

மிர்லான் தலையாட்டி வைத்தான்.

“ஆனா திமிரு புடிச்சவன்யா. நிறுத்தி ஒரு வார்த்தை பேசறதில்ல. கைய ஆட்டிட்டுப் பறந்துடறான்!”

காதிர் சிரித்தபடி அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார். பெரியவரின் முகம் இறுகியது.

“ஊரே மெச்சுற அளவுக்கு ஓட்டினவன், கிளட்சைக் கண்டு ஏன்டா ஓடறே?”

“ஓடலைப்பா. ஏத்தத்துல மிதிச்சு மிதிச்சு இடது கால் வீங்கிடுது.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“உண்மையைச் சொல்லுடா.”

“உண்மைதாம்பா.”

பெரியவர் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மராத்திடம் கையை நீட்டி இரண்டு லாரிகளின் சாவிகளையும் வாங்கிக்கொண்டார்.

“குடுங்கப்பா, ஓட்டிப் பாத்துட்டு வரேன்,” என்று கை நீட்டினான் மிர்லான்.

பெரியவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“நீ எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் தங்கின சுரங்கத்துக் குடியிருப்புல இடுப்புப் புடிச்சுப் படுத்துக் கிடந்தவன் நீ. வண்டி நம்ம வீட்டை ஒட்டித்தானே மேல ஏறுது? நீ கியர் மாத்தினா அந்தச் சத்தத்துல வீட்டுக்குள்ள எனக்குப் பல்லு ஆடும்டா. இந்தப் பனிக்காலம் முழுக்க ஒரு தடவைகூட ஆடல.”

மிர்லான் நீட்டிய கையைக் கீழே இறக்கினான்.

“நீயா வாயத் திறப்பேன்னுதான் இவ்வளவு நேரம் வம்பு பண்ணினேன். அடுத்தவங்க உழைச்சுச் சம்பாதிச்ச பேருக்குத் தலையாட்டுறது நம்ம குடும்பத்துல இல்லாத பழக்கம்.”

பிளாஸ்கோடு நின்ற மருமகளின் பக்கம் திரும்பினார் பெரியவர். இரண்டு சாவிகளையும் அவளிடம் நீட்டினார்.

“ஏம்மா, கணவாய் ஏறினவ நீ. ரெண்டையும் ஓட்டிப் பாத்து, எது வேணும்னு நீயே சொல்லு.”