கல்வெட்டில் ஏறிய பேர்

"எங்கடை அப்பாவின்ரை கல்வெட்டிலை கை வைக்க நீங்கள் ஆர்?"

முத்துக்குமாரு செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசிகசாலைக்குள் வந்து நின்றான். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பப் பேப்பருக்குள் புகுந்துகொண்டார்கள்.

கரவெட்டியில் ஒருவர் செத்தால், அவரின் வம்சத்தைப் பாட்டாய்க் கட்டிப் புத்தகமாய் அச்சடித்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று சனத்துக்குக் கொடுப்பார்கள். அதுதான் கல்வெட்டு. வாங்கிக்கொண்டு போறவர்கள் எங்கேயாவது தொலைத்துப்போடுவார்கள். வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கண்டர் மட்டும் ஒன்றையும் விடாமல் அங்கத்தைய அலுமாரியில் சேர்த்து வைத்திருந்தார். கலியாணம் பேசுகிறவர்களும் சொந்தம் தேடுகிறவர்களும் அவரிடம்தான் வருவார்கள்.

அப்படி வந்த ஒருவன்தான் முத்துக்குமாருவிடம் போய்ச் சொன்னது. தகப்பனின் கல்வெட்டில், பிள்ளைகளின் பேர்களுக்கு மேலே பேனையால் ஒரு பேர் ஏறியிருக்கிறது: 'மூத்த மகள் பத்மாசினி.'

"ஓம், நான்தான் எழுதினது," என்றார் மார்க்கண்டர். "அச்சுக்காரன் விட்டுப்போட்டான் எண்டு நினைச்சன்."

"நக்கலோ? போட வேண்டாம் எண்டது நாங்கள். பாசையூரிலை போய், சேச்சுக்குப் போற வேதக்காரனைக் கட்டினவள். அப்பா அண்டைக்கே அவளைத் தலைமுழுகினவர். செத்தவீட்டுக்கு வந்தவளை நாங்கள் படலைக்குள்ளை விடேல்லை."

"தெரியும். கொப்பரின்ரை செத்தவீடண்டு றோட்டிலை நிண்டு அழுதிட்டுப் போனவ. கூடப்பிறந்த கொக்கா எல்லோ தம்பி."

"அந்தக் கதை வேண்டாம். அப்பா இருந்தால் இதைக் கிழிச்சு உங்கடை முகத்திலை எறிஞ்சிருப்பார். அவரின்ரை சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கு. அந்தப் பக்கத்தைக் கிழியுங்கோ."

மார்க்கண்டர் எழும்பி அலுமாரியைத் திறந்தார். அவர் எடுத்து நீட்டினது முத்துக்குமாருவின் அப்பாச்சியின் கல்வெட்டு. பத்து வருசத்துக்கு முந்தி அச்சடித்தது.

"கிழிக்கிறதெண்டால் இதையும் கிழிக்கவேணும்."

முத்துக்குமாரு பிரித்தான். பேரப்பிள்ளைகளின் வரிசையில் அச்சில் இல்லாத பேர், இங்கேயும் பேனையால்: பத்மாசினி, கணவர் யாகப்பு. கீழே பூட்டப்பிள்ளைகள்: செபநாயகம், மரியம்மா, அடைக்கலநாதன். ஒவ்வொரு பேரும் ஒவ்வொரு மையில்.

அவனுக்கு முகம் கறுத்துப்போச்சு.

"அப்ப உந்த வேலையை எப்பவோ துடங்கியாச்சு. வெக்கமில்லையோ உங்களுக்கு, அடுத்த வீட்டுக் காரியத்திலை?"

"கொக்காவின்ரை பிள்ளையளின்ரை பேர் எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்?" என்றார் மார்க்கண்டர். "பிள்ளை பிறக்கப் பிறக்க, ஆளில்லாத மத்தியானமாய்ப் பாத்து வந்து எழுதினது கொப்பர். தன்ரை கல்வெட்டிலை தான் வந்து எழுதேலாது எண்டு, அதை மட்டும் என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போனவர்."