ஒன்றுவிட்டு ஒன்று

"ஒரு தட்டுச் சாப்பாட்டை நாலு பேர் பங்கு போட்டா யாருக்குப்பா வயிறு நிறையும்?" என்று மகள் கேட்டாள். நெருக்கி விதைத்து, யூரியாவும் குறைத்துப் போட்டதால் வெளிறி நின்ற என் மக்காச்சோளத்தைப் பார்த்துத்தான்.

மறுவாரம் பாதி வயலில் ஒன்றுவிட்டு ஒன்றாகச் செடிகள் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. நடுவில் தம்பி, கையெல்லாம் மண்.

"என் வயித்துல அடிச்சிட்டியேடா!"

மண்வெட்டிக் காம்பால் விளாசினேன். முழங்கை முறிந்தது. வாயில் ரத்தம் கொட்டியது.

"நான்தாண்ணே பிடுங்கினேன்... போதும்ணே!"

அறுவடையில், பிடுங்காத பாதியில் மணி பிடிக்காத கதிர்கள். பிடுங்கிய பாதியில் கைக்கு அடங்காத கதிர்கள்.

மகள் தேம்பினாள். "பிடுங்கினது நான்ப்பா. சித்தப்பா திரும்ப நட்டுட்டிருந்தாரு. என்னை அடிச்சிருவீங்கன்னுதான் பழியை அவரு ஏத்துக்கிட்டாரு..."

கை இன்னும் மடங்காத தம்பி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த பகலில், அவன் வயலில் அறுக்க ஆளில்லாமல் முற்றி நின்ற கதிரையெல்லாம் ஒடித்து அவன் களத்தில் குவித்துவிட்டு, யாரும் பார்க்குமுன் வீடு திரும்பினேன்.