கரிக்காத வெள்ளை

விரலில் ஒட்டிய வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்தாள்.

கரிக்கவில்லை.

இன்னொரு முறை தொட்டு வைத்தாள். கசப்பும் இல்லை. சுண்ணாம்பைத் தொட்ட மாதிரி நாக்கு வறண்டது, அவ்வளவுதான்.

தூத்துக்குடியில், உப்பளத்துக்கு நடுவே வீடு. ஜன்னல் கம்பி, பைக் கண்ணாடி, காயப்போட்ட சட்டை, எல்லாவற்றிலும் வெள்ளையாய் ஏதாவது படிந்திருக்கும். உப்பு என்று துடைத்துவிட்டுப் போவார்கள். கணவன் லியோன் தானே கட்டிய சின்ன விமானத்தை அவளும் இரண்டு மாதமாக அப்படித்தான் துடைத்துவந்தாள்.

துடைத்த இடத்திலேயே திரும்ப வந்தது. இறக்கை உடம்போடு சேரும் இடத்தில், போல்ட்டுகளைச் சுற்றி மட்டும். காற்றில் வரும் உப்புக்கு அப்படி இடம் பார்த்து உட்காரத் தெரியாது.

உப்புக் கம்பெனியின் பரிசோதனை அறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த நாக்கு. எந்தப் பாத்தி உப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும். அதை வைத்துப் பார்க்க இன்றைக்குத்தான் தோன்றியது. தன்மேலேயே எரிச்சல் வந்தது.

நகத்தால் சுரண்டினாள்.

அலுமினியத் தகடு அப்பள ஓரம்போல் ஏடு ஏடாக உதிர்ந்தது.

போல்ட்டில் மட்டும் ஒரு துருப்புள்ளிகூட இல்லை. வாங்கிய அன்றைக்கு எப்படி மினுங்கியதோ அப்படியே மினுங்கியது.

வாங்கிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. விமானத்தின் வரைபடத்தில் மஞ்சள் முலாம் பூசிய இரும்பு போல்ட் போடச் சொல்லியிருந்தது. லியோனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இருபத்தாறு வருஷம் விசைப்படகு கட்டியவன். இரும்பைக் கடல் என்ன செய்யும் என்று அவனுக்குப் போய்ப் பாடம் எடுப்பதா? படகுச் சாமான் கடையில் எஸ்.எஸ். என்கிற துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தான். ஒட்டாததுதான் அசல் என்று அவற்றை மட்டும் பொறுக்கினான். அவனுக்குத் தெரிந்த ஒரே பரீட்சை அதுதான். படகில் அது தப்பியதே இல்லை.

படகு மரம். விமானம் அலுமினியம்.

கோயம்புத்தூரிலிருந்து விமான மெக்கானிக் செல்வகணபதி போனில் கெஞ்சிப் பார்த்தார்.

"எஸ்.எஸ். துருப்புடிக்காதுங்க. பக்கத்துல இருக்கற அலுமினியத்தத் தின்னுபோடுமுங்க."

"உங்க ஊர்ல கடல் இருக்கா வே?" என்று கேட்டான் லியோன்.

அன்று அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இப்போது எதிரே பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தபந்தம் முழுக்க உட்கார்ந்திருந்தது. சர்ச்சிலிருந்து பங்குச்சாமி வந்து விமானத்தை மந்திரித்துவிட்டுப் போயாயிற்று. தனியாக நான்கு முறை பறந்து இறங்கிவிட்ட லியோன், இன்று மகளைக் கூட்டிக்கொண்டு போகிறான். ஜெசிந்தா ஏற்கெனவே பக்கத்து இருக்கையில் ஏறி, தன்னைத்தானே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க கொஞ்சம் வாங்க" என்று அவனைக் கூப்பிட்டாள்.

வந்தான். பொடியைப் பார்த்ததும் துணியை எடுத்தான். அவள் அவன் விரலைப் பிடித்துப் பொடியைத் தொடவைத்தாள்.

"நாக்குல வைங்க."

வைத்தான்.

அவனும் இந்த ஊரில் பிறந்தவன். உப்பு எது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவன் பார்வை போல்ட்டுக்குப் போனது. பிறகு, அதைச் சுற்றி உதிர்ந்திருந்த தகட்டுக்கு. அங்கேயே நின்றது.

பந்தலிலிருந்து அவன் அண்ணன் குரல் கொடுத்தார்.

"என்னல, வண்டி கெளம்புமா, நாங்க எறங்கித் தள்ளணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"உப்புதான்" என்றான் லியோன். பந்தலுக்கும் கேட்கிற மாதிரி.

துடைத்தான். துடைத்த துணியைக் கீழே போடாமல் நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான்.

அவனுக்கும் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

கத்தலாம். கத்தினால் என்ன ஆகும் என்று தெரியும். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை அவன் மாற்றிக்கொண்டதே இல்லை. அவளைக் கிறுக்கி ஆக்கிவிட்டு, பிள்ளையோடு மேலே போய்விடுவான். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இது தெரியாதா.

சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள்.

"எறங்குட்டி."

"ஏம்மா?"

"மொதல்ல நான் போறேன். எறங்கு."

ஜெசிந்தா முணுமுணுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினாள். முறைத்துக்கொண்டே பந்தலுக்கு நடந்தாள்.

அவள் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். விஷயம் தெரிந்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவனால் கிளம்ப முடியாது. ஏதாவது சாக்குச் சொல்வான். பெட்ரோலில் தண்ணீர் என்பான், காற்று சரியில்லை என்பான். அவளும் ஆமாம் என்பாள். பிரியாணியைத் தின்றுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகட்டும்.

லியோன் வந்து உட்கார்ந்தான். அவளைப் பார்க்கவில்லை.

"உப்புதானே" என்றாள் மெதுவாக. "போவோம்."

பந்தலில் அண்ணன் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

அவன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது.

ஓடுபாதை நானூறு மீட்டர். இரண்டு பக்கமும் உப்பளம்.

முடிவதற்குள் நிறுத்திவிடுவான் என்று அவள் உறுதியாக இருந்தாள்.

பாதித் தூரம் வரைக்கும்.